முழுகாத சின்னவள்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கினால் கடிதத்தைக் கிழித்துத் திருப்பி அனுப்புவேன் என்று நீ மிரட்டியிருப்பதால் நோயிலிருந்தே தொடங்குகிறேன். இடது காதில் இரைச்சல் இருக்கிறது, வலி இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கிறது. மற்றபடி குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன்.

உன் வலது கண்ணில் கட்டு எப்போது பிரிக்கிறார்கள்? இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றாயே, அதற்கு எப்போது ஆபரேஷன்? இரண்டும் முடியும் வரை தையல் மெஷின் பக்கம் போகாதே. தொட்டுப் பார்த்தே ஊசியில் நூல் கோப்பேன் என்று வீம்பு பேசுவாய். இதை வாசித்துக் காட்டும் அத்தான் தயவுசெய்து மெஷினைப் பூட்டி, சாவியை உன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

எனக்கு அறை கிடைத்துவிட்டது. டீசல் பம்பு ரிப்பேர் செய்யும் ஒரு மெக்கானிக்கின் கடைக்கு மேல். ஜன்னலைத் திறந்தால் உரத் தொழிற்சாலை தெரிகிறது, மூடினால் அதன் நாற்றம் மட்டும் வருகிறது. துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை, கொடியிலிருந்து எடுக்கும்போது சாம்பல் நிறச் சட்டையாகிவிடுகிறது. எல்லாம் நிலக்கரித் தூள்.

வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று அதிகாரி அம்மா எழுதி வாங்கியிருக்கிறார். அதனால் ஜாடையாகச் சொல்கிறேன், நீயே புரிந்துகொள். இங்கே இரண்டு பேரைக் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை. பெரியவளைப் பற்றிக் கவலையில்லை, அவள் பாட்டுக்குக் கிடக்கிறாள். சின்னவள்தான் தலைவலி. இத்தனை காலமாகியும் முழுகாமல் இருக்கிறாள். ஊர்க் கண்ணெல்லாம் அவள் மேல்தான். கம்பெனிக்காரர்கள் அவளை எப்படியாவது ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள். நான் இருக்கும் வரை விட மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். கண்ணைக் கசக்காதே.

தம்பி

*

பிப்ரவரி 12

வாலுக்கு,

அக்கா சொல்லச் சொல்ல உன் அத்தான் எழுதுகிறார். கண்ணில் வலி போய்விட்டது. உடனே நீ வேறு வலியைக் கொடுத்துவிட்டாய். காதை டாக்டரிடம் காட்டினாயா? காட்டியிருக்க மாட்டாய். உனக்குத்தான் இரண்டு பேரைக் கவனிக்கிற வேலை இருக்கிறதே.

கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, "இதுக்கு மேல நீ கேக்க வேணாம்" என்றார். வேணாம் என்றால் விடுகிற ஆளா நான்? யாரடா அந்தப் பெரியவள்? யாரடா சின்னவள்? ஒருத்தி அவள் பாட்டுக்குக் கிடக்கிறாளாம். இன்னொருத்தி முழுகாமல் இருக்கிறாளாம்! பெண் பார்க்கலாமா என்றால் "இப்ப என்னக்கா அவசரம், வேலை நெலையாகட்டும்" என்று நழுவினதெல்லாம் இதற்குத்தானா? அதையும் வெட்கமில்லாமல் சாம்பல் சட்டைக்கு அடுத்த வரியில் எழுதுகிறாய்.

எத்தனை மாதம்? முதலில் அதைச் சொல். கம்பெனிக்காரர்கள் ஏன் அவளை ஒழித்துக்கட்ட வேண்டும்? முதலாளி வீட்டுப் பெண்ணா? உனக்கு அடி விழுமா? அந்த அதிகாரி அம்மா எதற்கு எழுதி வாங்கினார்? அவருக்கும் இதில் பங்கு உண்டா?

உன் சட்டைப் பையையும் புத்தகப் பையையும் தினம் சோதித்து வளர்த்தவள் நான். கண்ணைத்தான் கட்டியிருக்கிறார்கள், காதைக் கட்டவில்லை. மறைக்காமல் எழுது.

(இந்த இடத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். நான் எழுதவில்லை. அத்தான்.)

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்ததில் டீ புரையேறிவிட்டது. என் கூட்டாளி நெட்டையன் முதுகில் அடித்துக் காப்பாற்றினான். காதை டாக்டரிடம் காட்டினேன், சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். போதுமா?

அம்மா தாயே, அவர்கள் இருவரும் கப்பல்கள். நம் கொள்ளுத்தாத்தாவுக்கு மீசை முளைக்காத காலத்தில் உடைந்துபோன நீராவிக் கப்பல்கள். இங்கே மீன் பிடிக்கிறவர்கள் பெரியவள், சின்னவள் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பெரியவள் ஆழத்தில் மண்ணுக்குள் போய்விட்டாள். சின்னவள் முழுதாக மூழ்கவில்லை. அதைத்தான் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதித் தொலைத்தேன். அந்த வார்த்தைக்கு வீட்டில் வேறு அர்த்தம் உண்டு என்பது கடலுக்குள்ளேயே கிடப்பவனுக்கு எங்கே ஞாபகம் வரும்?

எழுதிக் கொடுத்ததை மீறுகிறேன் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன். உன் சந்தேகத்தைவிட அதிகாரி அம்மாவின் கோபம் மேல். நிலக்கரி இறக்கும் பாலத்துக்கும், மின்நிலையத்தின் சுடுதண்ணீர் வந்து விழும் வாய்க்காலுக்கும் நடுவில் கிடக்கிறாள் சின்னவள். தண்ணீர் வற்றும்போது அவளுடைய கொதிகலனின் முதுகு, கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரி வெளியே தெரியும். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கதவு, ஜன்னல் வளையம், குழாய் எல்லாம் பித்தளை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் கலங்கலாக இருக்கும், என் கையே எனக்குத் தெரியாது. தடவித் தடவித்தான் அளக்கிறேன். மேலே படகில் நெட்டையன் கயிற்றைப் பிடித்திருப்பான்.

கம்பெனி அந்தப் பாலத்தை நீட்டப் பார்க்கிறது. சின்னவள் குறுக்கே கிடக்கிறாள். அவள் எங்கிருந்து வந்தாள், யார் யார் செத்தார்கள், ஒருவருக்கும் தெரியாது. பேர் இல்லாதவரை அவள் வெறும் பழைய இரும்பு. பேர் தெரிந்துவிட்டால் சரித்திரம், யாரும் கை வைக்க முடியாது. பேர் பொறித்த மணி ஒன்று ஒவ்வொரு கப்பலிலும் இருக்கும். தொல்லியல் துறைக்காக அதைத்தான் தேடுகிறேன்.

இதை உங்கள் இருவரைத் தவிர யாரும் அறியக் கூடாது. வெளியே போனால் என் வேலை போகும், அதோடு பேரும் போகும்.

தம்பி

*

மார்ச் 2

வாலுக்கு,

வலது கண்ணில் கட்டு பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. வருகிற வாரம் இடது கண். சொட்டு மருந்தை நீ ஒழுங்காக விடுகிறாயா? படுத்துக்கொண்டு விட வேண்டும். நீ நின்றுகொண்டே விட்டுச் சட்டையில் வழிய விடுவாய்.

கப்பல் என்கிறாய். இருக்கட்டும். கப்பலுக்கு யாரடா சேலை கட்டிவிட்டது? ஆம்பளைப் பேர் ஒன்றும் கிடைக்கவில்லையா உங்களுக்கு? நான் பாதி நம்புகிறேன். மீதிப் பாதிக்கு ஒரு போட்டோ அனுப்பு. அதில் நெட்டையனும் இருக்க வேண்டும். கூட்டாளி என்கிறாயே, அவனாவது மீசை வைத்த ஆள்தானா என்று பார்க்க வேண்டும்.

உன் அத்தான் கடிதத்தை எனக்கு ஒரு தரம் வாசித்துவிட்டு, தனக்காக இன்னொரு தரம் வாசித்தார். வாய்க்குள் முணுமுணுப்பது கேட்டது. (முணுமுணுக்கவில்லை. அத்தான்.) பிறகு, "இத்தன காலம் தண்ணியில கெடந்தா பித்தள கெட்டுப்போயிடுமா?" என்று கேட்டார். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர் நீங்கள், தையல்காரியிடம் கேட்கிறீர்களே என்றேன். கடை முன்போல ஓடவில்லை. என் ஆஸ்பத்திரி அலைச்சலில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, பாவம். தங்கமான மனுஷர். என் தலைவலியெல்லாம் உன்னால்தான்.

அந்த அதிகாரி அம்மாவுக்குக் கல்யாணமாகிவிட்டதா?

அக்கா

*

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல். இரண்டாவது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் கட்டு இருக்கும் என்கிறார்கள்.

அந்தக் கப்பல் ஞாபகமாகவே இருக்கிறது. மணி கிடைத்ததா? தண்ணீர் எப்போது நன்றாக வற்றும்? ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்கு வேலை உண்டா? நீங்கள் இல்லாத நேரத்தில் அங்கே யாராவது காவல் இருப்பார்களா? உன்னைப் பற்றிய கவலையால்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா

*

மார்ச் 28

அக்காவுக்கு,

என்ன, இன்னும் கோபமா? நலம் என்று தொடங்கியிருக்கிறாய், காதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, வால் இல்லை, வசவு இல்லை. ஆபரேஷன் அசதி என்று வைத்துக்கொள்கிறேன். காது தேறிவிட்டது, படுத்துக்கொண்டுதான் மருந்து விட்டேன். இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன். நெட்டையனுக்கு மீசை இருக்கிறது, பார்த்துக்கொள். அதிகாரி அம்மாவுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது.

மணி கிடைத்துவிட்டது, அக்கா! கொதிகலனுக்குப் பின்னால், மண்ணில் பாதி புதைந்து. மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கிறது. ஓரத்தைத் தடவியபோது விரலில் எழுத்து தட்டுப்பட்டது. முதல் இரண்டு எழுத்து மட்டும் பிடிபட்டது, மற்றதெல்லாம் சிப்பிக்குக் கீழே. தண்ணீருக்குள் அழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் கடைசியாகக் கேட்ட சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

அதை நான் தூக்கிவிடக் கூடாது. அளந்து, படம் எடுத்து, மேலிடத்து உத்தரவு வந்த பிறகு எல்லோர் முன்னிலையிலும்தான் எடுக்க வேண்டும். அதனால் அடையாளத்துக்கு நீல நைலான் கயிற்றைக் கட்டி விட்டுவிட்டு வந்தேன். அமாவாசையை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும், மணி இருக்கும் இடத்தில் கழுத்தளவுதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓய்வு. காவலாவது ஒன்றாவது, நண்டுதான் காவல். ஆகவே கவலைப்படாதே, நான் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்குகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

கட்டு பிரித்துவிட்டார்களா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

மணி போய்விட்டது. திங்கட்கிழமை இறங்கிப் பார்த்தால் குழி மட்டும் இருக்கிறது. ஜன்னல் வளையங்கள் நாலைந்தைக் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்திருக்கிறார்கள். சின்னவளின் பக்கவாட்டுத் தகடு கிழிந்து தொங்குகிறது. இனி ஒரு புயல் அடித்தால் அவள் நிற்க மாட்டாள்.

மணி இருந்த இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: நான், நெட்டையன், அதிகாரி அம்மா. அவர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. மெக்கானிக் தன் கருவிப் பெட்டியைக் கடைக்குள் எடுத்து வைத்துப் பூட்டுகிறார். நெட்டையன் குளிக்கப் போனபோது அவன் பையை நான் துழாவினேன். அவன் என்னோடு பேசிக்கொண்டே இருக்கிறான், ஆனால் நான் குளித்துவிட்டு வந்தபோது என் பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. என் கயிற்றைப் பிடிக்கிறவன் அவன். அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே எப்படி இறங்குவது? இறங்கவும் வேண்டியதில்லை, விசாரணை முடியும் வரை வேலையை நிறுத்திவிட்டார்கள். அதிகச் சந்தேகம் என் மேல்தான். கயிறு கட்டியவன் நான்தானே.

நான் கம்பி எண்ண வேண்டியிருக்கலாம். உண்மையைச் சொல், அக்கா. நான் எழுதியதை நீயோ அத்தானோ யாரிடமாவது சொன்னீர்களா? பேச்சுவாக்கில்கூட?

தம்பி

*

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல். நாங்கள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நீ வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே. கூட இருப்பவர்களை நம்பாதே. விசாரணையில் வீட்டுக்குக் கடிதம் எழுதியதைச் சொல்ல வேண்டாம், அது உனக்கே வினையாக முடியும். எங்கள் கடிதங்களைக் கொளுத்திவிடுவது நல்லது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா

*

மே 11

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசிக்க வேண்டாம். மறைவாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இது உங்களுக்குத்தான்.

மே 3 கடிதத்தைப் பலமுறை படித்தேன். எனக்கு ஜெயில் என்று எழுதியிருக்கிறேன். என் அக்கா "நலம், நலமறிய ஆவல்" என்று பதில் எழுதுவாளா? அவள் முதல் வரியிலேயே, "நீதானே எடுத்தாய், உண்மையைச் சொல்" என்று கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பாள். என்னைச் சந்தேகப்படாத கடிதம் அவளுடையதாக இருக்க முடியாது. மார்ச் கடிதமும் அப்படித்தான். அப்போது நான் சிரித்தேன். தண்ணீர் எப்போது வற்றும், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்று கேட்டதற்கெல்லாம் நானே கைப்பட விடை எழுதி, கயிற்றின் நிறத்தையும் சொல்லி, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

என் ஊகம் தப்பாக இருந்தால் என்னைச் செருப்பால் அடியுங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

சரியாக இருந்தால், மணியை உருக்கிவிடாதீர்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எப்படி வந்ததோ அப்படியே திரும்ப வரட்டும், நான் எதுவும் கேட்க மாட்டேன். ஜூன் 10 விசாரணை. அன்றைக்கு என்னைக் கேட்டால் நான் ஒரு பேர் சொல்ல வேண்டும். உங்கள் பேரைச் சொன்னால் கண்ணில் கட்டோடு இருக்கிற அக்கா தனியாக நிற்பாள். சொல்லாவிட்டால் நான் திருடன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

*

ஜூன் 7

வாலுக்கு,

இது என் கையெழுத்து. கோணல் மாணலாகத்தான் இருக்கும். கட்டு பிரித்துவிட்டார்கள், இன்னும் கண்ணாடி வரவில்லை. எழுத்து பெரிதாக இருந்தால் தெரிகிறது. உன் காது எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

மார்ச்சில் நான் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதிலே வரவில்லை. கேட்டால் "அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்றார். சரி, பழைய கடிதங்களைக் கொடுங்கள், கண் தெரிகிறதா என்று வாசித்துப் பார்க்கிறேன் என்றேன். பழைய பேப்பரோடு போட்டுவிட்டதாகச் சொன்னார். என் கடிதத்தை என்னைக் கேட்காமல் எடைக்குப் போடுகிற ஆள் இல்லை அவர். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக உறைத்தது.

சாப்பாடு கொண்டு போகிற சாக்கில் கடைக்குப் போனேன். புரை எடுத்த பிறகு நீல நிறம் கண்ணைப் பறிக்கிறது, டாக்டரே சொன்னார். கடையின் பின்கட்டில் எல்லாம் துரு நிறம். அதில் ஒரு மூட்டையின் வாயில் மட்டும் நீலக் கயிறு. யாருடைய கயிறு என்று எனக்குத் தெரியாது, நிறம் அழகாக இருக்கிறதே என்றுதான் தொட்டேன். உள்ளே கனமாக ஒன்று அசைந்து, ஒரு சத்தம் கேட்டது. மணி என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் வாசலில் நின்றார். "தண்ணிக்குள்ள சும்மா கெடந்ததுதானே. யார் குடியக் கெடுத்தேன்?" என்றார். என் தம்பி குடி என்றேன். உட்கார்ந்து அழுதார். கடையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லையாம். ஒரு படகுக்காரரையும் இரண்டு ஆட்களையும் பிடித்து எடுத்தாராம். இரண்டு தடவை அடுப்பைப் பற்றவைத்து அணைத்தாராம், உருக்க மனசு வரவில்லையாம். உன் கடிதங்களைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நீ எழுதியதையும் சேர்த்து.

எனக்கு எதில் வயிறு எரிகிறது தெரியுமா? என் வாயை வைத்து உன்னிடம் பேசிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்து நடந்த நாட்களில், நான் சொல்லாததை என் பேரில் எழுதியிருக்கிறார். உன்னைத் தோண்டித் துருவிக்கொண்டே இருந்தேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவரை நான் நினைக்கவே இல்லை.

விசாரணையில் பேரைச் சொல். என் வீட்டுக்காரர் பேரைச் சொல். என்னை நினைத்து வாயை மூடிக்கொண்டு நின்றாயோ, தோலை உரித்துவிடுவேன்.

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் தேறிவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது. அது நிஜம். சாப்பிடுகிறேன். காதுக்கு ஒன்றுமில்லை.

பத்தாம் தேதி விசாரணை நடந்து முடிந்துவிட்டது. அத்தானிடமிருந்து பதில் இல்லை. உனக்கு இன்னும் கட்டு பிரிக்கவில்லை என்று நினைத்தேன். கண்ணில் மருந்து விடக்கூட ஆள் இல்லாமல் உன்னை எப்படி விடுவது? "நான்தான் எடுத்தேன், பயந்துபோய் ஆழத்தில் கொண்டு போய்ப் போட்டுவிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இனி யாரும் மணியைத் தேடி உங்கள் பக்கம் வர மாட்டார்கள்.

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்ககிட்ட இத நான் எதிர்பாக்கல" என்றார். திட்டியிருந்தால் தேவலை. நெட்டையன் மட்டும், "நீ எடுக்கல, எனக்குத் தெரியும், யாரைக் காப்பாத்துற?" என்று வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான். அவன் பையைத் துழாவியவன் நான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வழக்கு வருமாம். இனி எந்தக் கடலிலும் என்னை இறக்க மாட்டார்கள். எனக்கென்ன, பிள்ளையா குட்டியா? அத்தான் கெட்டவர் இல்லை. மணியை யாருக்கும் தெரியாமல் இந்தக் கரையில் கொண்டு வந்து போட்டுவிடட்டும், சின்னவளுக்குப் பேராவது கிடைக்கும். நீ ஒன்றும் செய்யாதே. இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

தம்பி

*

ஜூன் 18

அதிகாரி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நிலை, பேரப்பிள்ளையின் உடல்நிலை எப்படி என்று கேட்க வேண்டும். கேட்கிறேன், ஆனால் அவசரம். உங்களிடம் கடலில் முங்கு வேலை பார்த்தவனின் அக்கா நான். அவனுக்கு ஐந்து வயதிலிருந்து தாயும் நான்தான்.

மணியைத் தானே எடுத்ததாக அவன் உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். அதை நம்பாதீர்கள். மணி என் வீட்டில், என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. எடுத்தவர் என் கணவர். கப்பல் கிடக்கும் இடத்தை என் தம்பி எங்களுக்கு எழுதினான், அந்தத் தப்பு அவனுடையது, அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். எழுத வைத்தது என் சந்தேகம். மற்றது அவன் தலையில் விழக் கூடாது.

வருகிற வியாழக்கிழமை நாங்கள் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். என் கணவர் கூட வர ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ள வைத்தேன். அவர் வாயாலேயே சொல்வார். அதற்குப் பிறகு அவரை எங்கே அனுப்ப வேண்டுமோ அனுப்புங்கள். நான் வெளியே காத்திருக்கிறேன், அவர் திரும்பி வரும் வரைக்கும். அவர் செய்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் காத்திருப்பேன், அது என் பாடு. எனக்கு இப்போது கண் தெரிகிறது, மெஷின் இருக்கிறது. என்னைக் காரணம் காட்டி யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை.

மணியில் ஒட்டியிருக்கிற சிப்பியை நான் தொடவில்லை. உள்ளே என்ன பேர் என்று எனக்கும் பார்க்க ஆசைதான். அது உங்கள் வேலை.

நான் வருவது தம்பிக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் இன்னொரு பொய்யை ஜோடித்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நிற்பான். ஒரு பாவமும் அறியாத அவனை நான் சந்தேகப்படாத நாளே கிடையாது. பென்சிலுக்குச் சந்தேகப்பட்டிருக்கிறேன், பெண்ணுக்குச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இந்த மணிக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அவன் திருடியிருந்தால், அம்மா, உங்களுக்கு முன்னால் நான் கண்டுபிடித்திருப்பேன்.

இப்படிக்கு,
அவன் அக்கா